முதலில் உள்ளே போகிறவர்

எங்கள் ஷெட்டில் காலையில் யாரும் லைட் போடக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து இருக்கும் சட்டம் இது. மண்ணூர்பேட்டையில், எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் பவுடர் கோட்டிங் ஷெட் இருக்கிறது. இரும்புச் சாமான்களைக் கழுவிக் காயவைத்து, கொக்கியில் மாட்டி, வண்ணப் பொடி அடித்து, ஓர் அறை அளவு இருக்கும் அடுப்புக்குள் தள்ளிச் சுடுவோம். பொடி உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபேன் கூண்டு, ஸ்விட்ச் பெட்டி, ஜன்னல் கிரில் என்று எது வந்தாலும் செய்வோம்.

அடுப்பு கேஸில் எரிவது. ஷெட்டின் பின்னால் கம்பிவலைக் கூண்டுக்குள் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இரவெல்லாம் மூடிக் கிடக்கும் ஷெட்டில் கேஸ் கசிந்தால் அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒருவர் உள்ளே வந்து ஸ்விட்சைத் தட்டினால் போதும். சிறு பொறியே அதற்கு அதிகம்.

அதனால்தான் அந்தச் சட்டம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் நைனா செல்போனை வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஷட்டரை இடுப்பளவுக்கு ஏற்றி, குனிந்து, இருட்டுக்குள் தனியாகப் போவார். அடுப்புப் பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, தரையருகே மூக்கை வைத்து இழுப்பார். கேஸ் வாசனை இல்லை என்றால் பின்கதவைத் திறந்துவிட்டு “வாங்கப்பா” என்று குரல் கொடுப்பார். ஷட்டருக்கு வெளியே நிற்பவர்கள் அதற்கப்புறம்தான் உள்ளே போவார்கள், ஒருவர் மெயின் ஸ்விட்சைப் போடுவார், இன்னொருவர் பர்னரைப் பற்ற வைப்பார்.

நைனாவின் மூக்கைப் பற்றி எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்புக்குள் பொடி ஒரு நிமிஷம் கூடுதலாக வெந்தால் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். கோவில்பதாகையில் எங்கள் வீட்டுத் தெருமுனையில் என் ஸ்கூட்டர் திரும்பும்போதே யார் வீட்டில் என்ன குழம்பு என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். அவருடைய அப்பா அம்மா பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். இவர் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கச் சேர்ந்து, அந்தக் கம்பெனி மூடியபோது அவர்கள் கழித்துக் கட்டிய அடுப்பை வாங்கி இந்த ஷெட்டை ஆரம்பித்தார். படிப்பு இல்லை, பணம் இல்லை, மூக்கு மட்டும் இருந்தது என்று அவரே பெருமையடிப்பார்.

நான் பி.காம். முடித்து ஓர் ஆபீசில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டேன். பில் போடுவது, பார்ட்டிகளோடு சண்டை போடுவது, சரக்கு திரும்பி வந்தால் யார் தப்பு என்று கண்டுபிடிப்பது எல்லாம் நான்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அந்த வேலைகளுக்கு அது நன்றாகவே உதவியது. ஆனால் ஷெட் சாவி மட்டும் என் கைக்கு வரவில்லை. அது நைனாவின் சட்டைப்பையில் இருக்கும். தூங்கும்போது தலையணைக்கு அடியில் இருக்கும்.

எங்களுக்கு நிறைய வேலை தரும் ஒரு கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி ஷெட்டைப் பார்க்க வருவார். அவர் வருகிற அன்றைக்கு மட்டும், சுவரில் தொங்கும் கேஸ் கண்டுபிடிக்கும் கருவிக்கு வயர் மாட்டுவோம். பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவைத் திறந்தால்கூட அது ஊரைக் கூட்டும் என்பதால் மற்ற நாட்களில் அதன் வயரைப் பிடுங்கி வைத்திருந்தோம். நைனாவின் மூக்கு இருக்கும்போது கருவி எதற்கு என்று நான் உட்பட எல்லோரும் நினைத்தோம். அந்தத் தடவை அதிகாரி எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாக, உங்களுக்கு அப்புறம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.

நைனா சிரித்தார். “நான் எங்க சார் போறேன்?”

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரே ஆளை நம்பி ஓடும் இடத்துக்குப் பெரிய வேலை கொடுக்க மேலே யோசிக்கிறார்கள், அடுத்த வருஷம் வரும்போது ஒரு பதில் இருக்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். நைனா என்னைக் காட்டி, இதோ என் பொண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ வாங்கி வரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து தம்பி வந்திருந்தான். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஷெட்டுக்கு வரும் எண்ணமே அவனுக்குக் கிடையாது, அதை அவன் ஒளிக்கவும் இல்லை. சாப்பிடும்போது, உனக்கு அப்புறம் ஷெட்டை யார் பார்ப்பது என்று நான்தான் பேச்சை எடுத்தேன். ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நைனா வீட்டில் நிம்மதியாக இருக்கலாமே என்றான் தம்பி. எதையாவது ஒன்றை முடிவாகச் சொல்லித் தொலையேன் என்று அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போய்விட்டார். நான் விடவில்லை. பின்னாலேயே போய், நான் பொண்ணு என்பதால்தானே சாவியைத் தர மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். குழாயை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மௌனத்தை நான் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அப்படி எண்ணக் காரணமும் இருந்தது. கொரோனா முடிந்து ஷெட்டைத் திறந்த நாளிலிருந்து அவர் ஒவ்வொரு வேலையாகத் தன் கைக்கே இழுத்துக்கொண்டிருந்தார். முன்பு மற்றவர்கள் செய்த மெயின் போடுவதையும் பர்னர் பற்ற வைப்பதையும் இப்போது காலையில் அவரேதான் செய்தார். வேலையாட்களைத் தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் டீக்கடைக்கு அனுப்பிவிடுவார். எல்லோருக்கும் அவர் கணக்கில் டீ. பர்னர் பற்றியதும் வாசலுக்கு வந்து கையை ஆட்டுவார். அப்புறம்தான் அவர்கள் வர வேண்டும். ஆரம்பத்திலிருந்து கூட இருக்கும் எங்கள் ஃபோர்மேன் உள்பட எல்லோருக்கும் இதில் ஏக சந்தோஷம், காலையில் ஓசி டீ யாருக்குக் கசக்கும். எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. வயதாக ஆக மனுஷன் எதையும் விட மாட்டேன் என்கிறாரே, ஒரு ஸ்விட்சைத் தட்டுவதைக்கூட இன்னொருத்தருக்குத் தர மாட்டாரா என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அது மாசி மாசம். ஒரு நாள் சாயங்காலம், அம்பத்தூரில் ஒரு பார்ட்டியைப் பார்த்துவிட்டு நான் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் கரண்ட் இல்லை. கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுப்பங்கரையில் பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, கேஸ் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஹாலில், சாமி படத்துக்கு முன்னால், விளக்கேற்றுவதற்காக நைனா தீப்பெட்டியைத் திறந்து குச்சியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். குச்சிகள் தரையில் கொட்டின.

“இன்னாமா ஆச்சு?” என்றார்.

அந்தக் கேள்வியைப் போல என்னை எதுவும் பயமுறுத்தியதில்லை. உண்மையாகவே கேட்டார். அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் கேட்டார். நான் ஓடிப்போய் அடுப்பை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், அவரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கிவிட்டதா, உனக்கு டீ போடலாம் என்று வைத்தேன் என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கொரோனா வந்தபோது எங்கள் மூன்று பேருக்குமே வாசனை போயிருந்தது. அம்மாவுக்குப் பூண்டு தாளிக்கும்போது திரும்பி வந்தது. எனக்கு ஒரு நாள் குளிக்கும்போது சோப்பு வாசனையாக வந்தது, அழுதே விட்டேன். அடுத்த நாள் நைனா, எனக்கும் வந்துவிட்டது, ரசம் மணக்கிறது என்றார். ரசம் அவர் தட்டிலேயே இருந்தது. நாங்கள் நம்பினோம். அதற்கப்புறம் அவர் தெருமுனையில் யார் வீட்டுக் குழம்பையும் சொன்னதில்லை. வீட்டுக்குள் வந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று அம்மாவைக் கேட்பார். இத்தனை நாளாக அது என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனோம். ஷெட் வாசலில் இறங்கிச் செல்போனைப் பெட்டிக்குள் போட்டார். எல்லோரையும் டீக்கடைக்குப் போகச் சொன்னார், என்னையும்தான். நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கே வைத்துக் கத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நைனாவின் மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் ஆட்கள் நிற்பார்களா, பார்ட்டிகள் நிற்பார்களா? அதைவிட அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

டீ கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு ஷட்டரையே பார்த்தேன். அவர் முதுகை வளைத்து உள்ளே போனார். இருட்டில் அவருடைய வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தது. அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத மூக்கைத் தரையில் வைத்து இழுப்பார். பார்க்க யாருமே இல்லாத இடத்தில்கூட அதைச் செய்வாரா என்று யோசித்தேன். செய்வார் என்றுதான் தோன்றியது.

பக்கத்தில் ஃபோர்மேன் டீயை உறிஞ்சிக்கொண்டே பேசினார். நான் பாவாடை சட்டையில் ஷெட்டுக்கு வந்த காலத்திலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

“கொரோனாவுக்கு அப்பால அண்ணாத்தே மனசே மாறிட்சு பாப்பா. முன்னல்லாம் ஒரு டீக்கு மூணு தபா கேக்கணும். இப்போ அவரே தொரத்தித் தொரத்தி அனுப்புறாரு.”

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. டீக்காக அவர் யாரையும் அனுப்பவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் அனுப்பிக்கொண்டிருந்தார். மெயினைத் தட்டி, பர்னரையும் பற்ற வைத்த பின்பு, வெடிக்க வேண்டியது வெடிக்காமல் இருந்தால், கையை ஆட்டி எல்லோரையும் கூப்பிட்டார். தினமும். கொரோனா முடிந்த நாளிலிருந்து தினமும். பர்னர் பற்றும்போது குப்பென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்த நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். குப்பென்று வந்தது. நைனா வாசலுக்கு வந்து கையை ஆட்டினார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவரைப் பின்னால் சிலிண்டர் கூண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

“உனுக்கு வாசனை தெரியில நைனா.”

கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது என்றார். கண்ணை மூடச் சொன்னேன். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். அவர் மூக்குக்குக் கீழே என் கையை நீட்டி, இது என்ன சொல் என்றேன். நன்றாக இழுத்துப் பார்த்தார்.

“தின்னரு.”

கண்ணைத் திறந்து பார்த்தபோது அங்கே என் வெறும் உள்ளங்கைதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மூக்கு இருக்கும் யாராவது ஒருவரை அனுப்பாமல் நீ ஏன் உள்ளே போனாய் என்று கேட்டேன்.

“யாரை அனுப்புறது? மூக்கு கீறவன் உள்ள போயி, கேஸு கீதுன்னு தெரிஞ்சிகினு வெளிய வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்சுன்னா? அவன் ஊட்ல போயி நான் இன்னா சொல்றது? நான்னா நான் ஒருத்தன். ஆண்டு அனுபவிச்சிட்டேன்.”

இதைக் கேட்டு உருகிப்போகும் ஆள் நான் இல்லை. “டீக்கடைலயும் அடுப்பு எரியுது நைனா. வெடிச்சா ரோட்டைத் தாண்டாதுன்னு உனுக்கு யாரு சொன்னா? பக்கத்து ஷெட்ல பொண்ணுங்க வேலை செய்யிறாங்க. அவங்களுக்கும் டீ வாங்கிக் குடுத்தியா?”

திரும்பிப் பக்கத்து ஷெட்டின் சுவரைப் பார்த்தார். அப்புறம் சந்து வழியாகத் தெரிந்த டீக்கடையைப் பார்த்தார். இத்தனை நாளில் அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. நைனாவின் முகத்தில் பயத்தை நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. கருவிக்கு வயரை மாட்டியிருக்கலாமே என்றேன். அவர் யாருக்கும் தெரியாமல் மாட்டிப் பார்த்திருக்கிறார், விளக்கு மட்டும் எரிந்திருக்கிறது, கேஸைக் காட்டும் உயிர் அதற்குப் போய்விட்டிருந்தது. புதிதாக வாங்கினால் எதற்கு இப்போது திடீரென்று என்று எல்லோரும் கேட்பார்கள் என்று விட்டுவிட்டாராம். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த மனுஷன், கேள்விக்குப் பயந்திருக்கிறார்.

கடைசியாகச் சாவியைப் பற்றிக் கேட்டேன். பொண்ணு என்பதால்தானே தரவில்லை.

“ஆமா, பொண்ணுன்றதாலதான்” என்றார். “உன்ன அந்த இருட்டுக்குள்ள அனுப்சிட்டு நான் வெளிய நின்னுகினு இருக்கவா?”

நான் நினைத்தது சரியாகவும் இருந்தது, முழுக்கத் தப்பாகவும் இருந்தது. இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புதுக் கருவிக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன். மாட்டுகிறவர் அடுத்த வாரம்தான் வருவதாகச் சொன்னார். அதுவரை நான் உள்ளே போகிறேன் என்றேன். நைனா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார், நான் மசியவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் டீக்கடையில் வைத்து எல்லோரிடமும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். மறுநாள் காலை வண்டியிலிருந்து இறங்கியதும் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். செருப்பைத் தேய்க்காதே, எதையும் தொடாதே, வாசனை வந்தால் ஓடாதே, வந்த வழியிலேயே மெதுவாகத் திரும்பி வா. இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆட்களைத் தெருக்கோடியில் பஸ் ஸ்டாப் வரைக்கும் போகச் சொன்னேன். ஃபோர்மேன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனார். நைனாவையும் போகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

நான் குனிந்து உள்ளே போனேன்.

வருஷக்கணக்காக வேலை செய்யும் ஷெட்தான், ஆனால் அந்த இருட்டில் அது எனக்குத் தெரியாத இடமாக இருந்தது. கொக்கிகளில் மாட்டிய சாமான்கள் தலைக்கு மேலே தொங்கின. சுவரைத் தடவப் போன கையை, ஸ்விட்சு இருக்கும் என்று பயந்து இழுத்துக்கொண்டேன். அடுப்புக்கு முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்து மூச்சை இழுத்தேன். வெந்த பொடியின் வாசனை மட்டும்தான் வந்தது. அப்பாடா என்று இருந்தது. எழுந்து திரும்பியிருப்பேன். ஆனால் நைனா எப்போதும் தரையில் மூக்கை வைப்பாரே என்று ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் ஊன்றி, பர்னர் பக்கமாகக் குனிந்தேன்.

அங்கே இருந்தது. நம் எல்லோருக்கும் தெரிந்த அதே நாற்றம், தரையோடு கனமாக.

எழுந்தேன். ஓடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷட்டருக்குக் கீழே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓர் அடி, இன்னோர் அடி என்று வைத்தேன். பாதி வழியில் கீழே கிடந்த ஓர் இரும்புக் கொக்கி என் காலில் பட்டு சிமெண்ட் தரையில் கிணிங்கென்று உருண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன், மிகையாகச் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று புரிந்து மறுபடி கால் எடுத்து வைக்க நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது நைனா பஸ் ஸ்டாப்பில் இல்லை. ஷட்டர் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

“கேஸு கீது நைனா” என்றேன்.

என் தோளைப் பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டே போனார். ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னோம், அவர் பின்பக்கமாகப் போய்ச் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மூடினார். இரவில் நாங்கள் மூடிவிட்டுப் போகும் மெயின் வால்வு தேய்ந்து போயிருந்தது, இறுக்கி மூடினாலும் துளி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ஷெட்காரர்களை வெளியே வரச் சொல்லி, எங்கள் ஷெட்டைத் திறந்து போட்டுக் காத்திருந்தோம். வெயில் நன்றாக ஏறி, காற்று முழுக்க மாறிய பிறகு உள்ளே போய், பர்னருக்குப் போகும் ரப்பர் ட்யூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். அடுப்புக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத வளைவில், ட்யூபில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. பகலில் எக்சாஸ்ட் ஃபேன் ஓடும், காலையில் நைனா பின்கதவைத் திறந்து வைப்பார், ஆட்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வாசனை போய்விடும். அதனால் வேறு யார் மூக்குக்கும் அது எட்டவில்லை.

ட்யூபைக் கழற்றி வெளியே வெயிலில் கொண்டுவந்து வெடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்ளே நீலமாக இருந்தது. வெடிப்புக்குள் நீலப் பொடி படிந்து இறுகியிருந்தது.

நைனாவும் பார்த்தார். நீலம் கடைசியாக அடித்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்கு, பொங்கலுக்கு முன்னால். அதற்கப்புறம் எல்லாம் சாம்பலும் வெள்ளையும்தான். அப்படியென்றால் அந்த வெடிப்பு அப்போதே இருந்திருக்கிறது. பொங்கலுக்கு முன்னாலிருந்து தினமும் அந்த இருட்டில் உட்கார்ந்து, மூக்கைத் தரையில் வைத்து, ஒன்றும் இல்லை என்று எழுந்து, மெயினைத் தட்டி, பர்னரைப் பற்ற வைத்திருக்கிறார். எந்தக் காலையில் கேஸ் எவ்வளவு இருந்தது, எந்தக் காலையில் மயிரிழையில் தப்பினார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

“அப்போ தெனமும் கேஸு இருந்துகீதா?” என்றார்.

சாக்கடை மேல் போட்டிருக்கும் சிலாபில் மெதுவாக உட்கார்ந்தார். சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து, என்னைப் பார்க்காமலேயே என் பக்கம் நீட்டினார். சாவி வியர்வையில் நனைந்திருந்தது. இதற்காகத்தான் எத்தனையோ நாள் சண்டை போட்டேன். வாங்கும்போது எனக்குத் துளி சந்தோஷம்கூட வரவில்லை.

இப்போது சுவரில் புதுக் கருவி இருக்கிறது. யாரும் வயரைப் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் கையை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வால்வும் ட்யூபும் மாற்றியாகிவிட்டது. அவை எல்லாவற்றையும் நம்புகிறேன், ஆனாலும் காலையில் நான்தான் முதலில் உள்ளே போகிறேன். நைனாவுக்கு மூக்கு இல்லை என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. அவர் தினமும் என்னோடு வருகிறார். பஸ் ஸ்டாப்பில் மற்றவர்களோடு நிற்கிறார், டீ கிளாஸ் கையில் இருக்கும். நான் வெளியே வந்து கையை ஆட்டும்வரை அவர் அதில் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லையாம். ஆறிப்போன டீயைக் கீழே கொட்டுகிறார் என்று கடைக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

உள்ளே போகும்போது எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே நின்ற அந்த ஒரு காலையில் பட்ட பயத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் அத்தனை நாள் உள்ளேயே இருந்துகொண்டார்.

இந்த வருஷமும் அந்தக் கம்பெனி அதிகாரி வந்தார். சாவி என்னிடம் இருப்பதைப் பார்த்து அவருக்குத் திருப்தி. கருவியைத் தட்டிப் பார்த்தார், புது வால்வைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது, உங்களுக்கு அப்புறம் யாரும்மா என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரு வருஷம் முன்னால் நானே நைனாவைக் கேட்டுத் துளைத்த கேள்வி. ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். கொக்கியில் சாமான் மாட்டிக்கொண்டிருந்தவர்கள், பொடி அடித்துக்கொண்டிருந்தவர்கள் என்று ஒவ்வொரு முகமாக என் கண் போனது. ஒவ்வொருவரும் காலையில் முதுகை வளைத்து அந்த ஷட்டருக்குள் போவது எனக்குத் தெரிந்தது. ஒருவர் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

“நான் எங்க சார் போறேன்?” என்று சிரித்தேன்.

மூலையில் சாமான் துடைத்துக்கொண்டிருந்த நைனாவின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.